கப்டனின் இடது கை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். எந்த மைக் திறம்? அந்தக் காலத்தில் எந்த சவுண்ட் மிக்சர் வைத்திருந்தீர்கள்? நீங்கள் விட்ட மிக மோசமான பிழை எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு மிஞ்சியிருக்கும் சலுகை அது ஒன்றுதான். வயர் சுற்றுவதும் ஸ்பீக்கர் நிறுத்துவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு சவுண்ட் கொம்பனியில் வேலை செய்தேன். முதலாளி யாழ்ப்பாணத்தவர். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு ஜமேக்காக்காரரிடமிருந்து அவருடைய ஸ்பீக்கர்களை வாங்கினார். ஸ்பீக்கர்களோடு அந்த மனிதரின் வாடிக்கையாளர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே எங்களுக்கு இரண்டு வகை வேலை. ஒரு சனிக்கிழமை எங்கள் சனத்தின் அரங்கேற்றம், அடுத்த சனிக்கிழமை கரிபியன் சனத்தின் விழா.

கரிபியன் என்றால் ஒரே நாடு, ஒரே பாட்டு என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர்களின் பிழை அது. எங்களுக்கு வானொலியில் மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரே அணிதானே. மேடையில் போய் நின்றபோதுதான் ஒவ்வொரு தீவும் தன்பாட்டுக்கு ஒரு உலகம் என்று விளங்கியது. ட்ரினிடாட்காரருக்கு எண்ணெய்ப் பீப்பாயின் அடியை வெட்டித் தட்டிச் செய்த ஸ்டீல் பான். ஜமேக்காக்காரருக்கு நெஞ்செலும்பை அதிரவைக்கும் பேஸ் கிற்றார். இந்திய வழி வந்தவர்களின் கல்யாணத்தில் தாஸா என்ற பறை. அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள். டிசம்பரில் நத்தார் வந்தால் ட்ரினிடாட்காரர் பராங் பாடுவார்கள். அது ஸ்பானிஷ் பாட்டு. பாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெலுங்குக் கீர்த்தனைக்குத் தலையாட்டி வளர்ந்த எனக்கு அது ஒன்றும் புதினமாகப் படவில்லை.

இந்த எல்லா உலகங்களுக்குள்ளும் போய்வரத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஸ்டீல் பான் குழுவின் தலைவரை அவர்கள் கப்டன் என்பார்கள். இவர் ட்ரினிடாட்டில் இளவயதில் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். அந்தப் பட்டமே பெயராகி ரொறன்ரோவரைக்கும் வந்துவிட்டது. ஐம்பது தாண்டிய ஆள், பெரிய தோள், மெதுவான நடை. வாரநாட்களில் ஒரு பாடசாலையில் துப்புரவும் திருத்த வேலையும் செய்தார். சனி ஞாயிறுகளில் குறைந்தது நாலு குழுக்களில் வாசித்தார். பான் வாசிப்பார், பேஸ் வாசிப்பார், தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பார், தாஸாக்காரரோடு பெரிய மேளம் அடிப்பார். யாராவது வராவிட்டால் கப்டனைக் கூப்பிடு என்பதுதான் எல்லாக் குழுக்களிலும் பேச்சு.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவும் அவரை மாதத்தில் ஒருமுறையோ இரண்டுமுறையோதான் கண்டது, அதுவும் ஒரு வாத்தியத்தோடு மட்டும். எல்லா மேடையிலும் அவரைக் கண்டவன் நான் ஒருவன்தான்.

அவரும் நானும் பேசியது ஆங்கிலத்தில். எனக்குக் காதில் விழுந்த மாதிரி எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். முதல் நாள் நான் மைக்கை அவருடைய பானுக்குள் இறக்கி வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சிறீ, உன்ர மைக் இதுக்குள்ள முகம் கழுவப் போகுதோ?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சினேகிதர்.

இனி என்னுடைய வித்தையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அரங்கேற்றத்தில் பாடும் பிள்ளையின் சுருதி விலகினால் நான் என்ன செய்வேன் தெரியுமா? மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடிக்கு ஃபேடர் என்று பெயர்; வயலினின் ஃபேடரை ஒரு விரல் மேலே தள்ளுவேன், பிள்ளையின் ஃபேடரை ஒரு விரல் கீழே இழுப்பேன். மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. தாய் தகப்பன் கண் கலங்குவார்கள். பிரதம விருந்தினர் பிசிறில்லாத குரல் என்று வாழ்த்துவார். முதலாளி பின்னால் வந்து, "தம்பி, சனத்தின்ர மானம் உன்ர விரலிலதான் கிடக்கு" என்பார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம்.

ஒரு வசந்தகாலத்தில், ஏப்ரல் மாதம், ஸ்காபுரோவில் ஒரு நடன விழா. கப்டன் பான் வாசித்தார். இரண்டு கையிலும் ரப்பர் சுற்றிய குச்சி. நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் இடது குச்சியின் சுரங்கள் மெலியத் தொடங்கின. பிறகு சிலது விழவேயில்லை. என் விரல் என்னைக் கேளாமலே குழுவின் கீபோர்ட் ஃபேடரை மேலே தள்ளியது. சுரம் விழாத கிடங்குகள் நிரம்பின. சனம் ஆடியது.

முடிந்தபிறகு அவர் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். "குச்சியின்ர ரப்பர் தேஞ்சு போச்சு" என்றார். பொருட்களை அடுக்கும்போது அந்தக் குச்சிகள் என் கைக்கு வந்தன. ரப்பர் புத்தம் புதிது. நான் பார்த்தேன், பெட்டிக்குள் வைத்தேன், பெட்டியை மூடினேன்.

ஜூன் மாதம் ஜமேக்காக் குழுவோடு பேஸ் வாசித்தார். இடது கை விரல்கள் தந்தியைச் சரியாக அழுத்தாவிட்டால் பேஸ் இரையும். அன்று இரைந்தது. அந்த இரைச்சல் இருக்கும் பகுதியை மிக்சரில் குறைத்து, ட்ரம்மை அதன் மேல் ஏற்றி மூடிவிட்டேன். இந்த முறை அவர் கவனித்துவிட்டார். இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"நீ கெட்டிக்காரன், சிறீ."

"கையில என்ன?"

"விறைப்பு. பத்து நிமிசத்தில போயிடும். வாளி தூக்கின கைதானே."

"டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"காட்டுறன், காட்டுறன். மெர்லுக்குச் சொல்லிப்போடாத."

மெர்ல் அவருடைய மனைவி. வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை. பாரிசவாதம் வந்து கை கால் விழுந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கரண்டியால் ஊட்டிவிடுவது அவர் வேலை. என்னை எங்கே கண்டாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார்.

"அவவுக்குத்தானே உதெல்லாம் நல்லாத் தெரியும்" என்றேன்.

"அதாலதான் சொல்லுறன். நாள் முழுக்க அப்பிடிப்பட்ட ஆக்களைக் கழுவித் துடைச்சுப்போட்டு வாறாள். வீட்டிலயும் ஒருத்தன் எண்டு நினைக்கத் தொடங்கினால் அவளுக்கு நித்திரை வராது." பிறகு இரண்டு விரல்களைக் கீழ்நோக்கிக் காட்டினார். "இப்பிடிக் காட்டினால் என்னைக் கொஞ்சம் மறை. அது போதும்."

நான் சரி என்றேன். சொன்னது மட்டுமில்லை, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய வித்துவான் தன் மானத்தை என் விரலில் தந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஓகஸ்டில் ஒஷாவாவில் ஒரு கல்யாணம். காலையில் கார் நிறுத்துமிடத்தில் தாஸாக்காரர் மாப்பிள்ளையை வரவேற்றார்கள். கப்டன் பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார். வலது கையில் தடி. மறுபக்கத் தோலை இடது உள்ளங்கையால் அடிக்கவேண்டும். அந்தப் பக்கம் ஊமையாக இருந்தது. வெளியில் நடக்கும் தாஸாவுக்கு மைக் கிடையாது, ஆகவே என்னால் மறைக்க முடியவில்லை. இனி யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று பயந்தேன். கண்டுபிடித்திருந்தால் அவர் தப்பியிருப்பார். ஆனால் பக்கத்தில் அடித்தவன் சிரித்துக்கொண்டு, "பாருங்கோ, கப்டன் ஒற்றைக் கையாலயே எங்களை வெல்லுறார்" என்றான். சனம் கைதட்டியது. அவருடைய பெயரே அவரை மறைத்துவிட்டது.

செப்டெம்பரில் தேவாலயத்தில் வலது கையால் மட்டும் கீபோர்ட் வாசித்தார். இன்றைக்கு மிகவும் பக்தியாக, அளந்து வாசித்தார் என்று பாதிரியார் சொன்னார். ஒக்டோபரில் ஒரு பான் குழுவில் அவர் அயர்ன் அடித்தார். அது லொறிச் சில்லுக்குள் இருக்கும் இரும்பு வட்டம். தாளத்துக்காக இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். ஒரு கை போதும். பான் குழுவில் கப்டனால் முடியாதது ஒன்றும் இல்லை, இப்ப அயர்னையும் எடுத்துவிட்டார் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு இருந்து யோசித்தேன். பான், பேஸ், மேளம், கீபோர்ட், அயர்ன். ஒவ்வொன்றிலும் இடது கைக்கு வேலை குறைந்துகொண்டே வந்திருந்தது. வாத்தியங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அது ஒரு குழுவுக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. மெர்லுடைய நம்பர் என்னிடம் இருந்தது. ரெலிபோனைக் கையில் எடுத்தேன். ஒரு மனிதனின் குறையை அவன் பெண்சாதியிடம் போய்ச் சொல்வதற்கு எங்கள் வளர்ப்பில் கோள் மூட்டுவது என்று பெயர். வைத்துவிட்டேன். நல்லவனாக நடந்துகொண்டேன் என்ற எண்ணத்தோடு மிச்சத் தேத்தண்ணியையும் குடித்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விட்பியில் பராங் விழா. காலையிலிருந்து பனி கொட்டியது. குவாற்றோ வாசிக்கிறவர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார். குவாற்றோ என்பது நாலு தந்திச் சின்னக் கிற்றார். அது இல்லாமல் பராங் இல்லை. கப்டன் அன்று ஒற்றைக் கையால் கிலுக்கு ஆட்டத்தான் வந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குவாற்றோவை எடுத்துத் தோளில் மாட்டி, பாடுகிறவரின் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். மெர்ல் மண்டபத்தின் பின்பக்கம் குசினியில் சாப்பாடு சூடாக்கிக்கொண்டு நின்றார். பாட்டுக் கேட்கவேண்டும் என்று அங்கேயும் ஒரு சின்ன ஸ்பீக்கர் கேட்டிருந்தார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

முதல் பாட்டிலேயே இரண்டு விரல்கள் கீழே காட்டின. குவாற்றோவின் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டு மற்றக் கிற்றாரை மேலே தள்ளினேன். இரண்டாவது பாட்டில் அவருடைய குரல் ஹெட்போனில் தடித்துக் கேட்டது, வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் அது ஸ்பானிஷ் இல்லை என்று தெரியும்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. பாட்டை நிறுத்தி மேடைக்கு ஓடலாம், அல்லது குரலை மூடலாம். கை பழகிய வழிக்குப் போனது. அவருடைய மைக்கை மூடினேன். கோரஸ் பாடியவர்களை மேலே ஏற்றினேன். மண்டபத்தில் பாட்டு எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. குசினி ஸ்பீக்கரிலும் அப்படியேதான் ஓடியிருக்கும்.

மூன்றாவது பாட்டில் அவர் நேரே என்னைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. வலது கை தந்தியை விட்டு எழுந்தது. இரண்டு விரல்கள், இந்த முறை மேல்நோக்கி. என்னைத் திற என்கிறார். விளங்கியது. விளங்கியும் நான் திறக்கவில்லை. இந்தக் குரலை இவ்வளவு சனத்துக்கு முன்னால் விட்டால் மனிதர் வெட்கப்பட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவும் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். நினைத்துப் பாருங்கள், உதவி கேட்ட மனிதரைப் பார்த்துத் தலையை ஆட்டி மறுத்தேன்.

பாட்டு முடிய முதல் அவருடைய இடது கை குவாற்றோவிலிருந்து வழுவித் தொங்கியது. உடம்பு பக்கத்தில் நின்ற கிற்றார்காரர் மேல் சாய்ந்தது. அப்போதுதான் ஃபேடரை மேலே தள்ளினேன். மண்டபம் முழுக்க அவருடைய குரல் வந்தது. சொல் எதுவும் இல்லை, நீண்ட ஒரு முனகல் மட்டும். குசினியில் தட்டுகள் விழுந்து நொறுங்கின. நான் மேசையை விட்டு எழும்ப முதல் மெர்ல் மண்டபத்தைக் கடந்து மேடையில் நின்றார். அந்த ஒரு சத்தம் அவருக்குப் போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம் பெண். முதல் கேள்வியே, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான். பாரிசவாத வருத்தத்தில் அது பெரிய விஷயம், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மெர்ல் சொன்னார்: "நான் குசினியில கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். கடைசி நேரம் வரைக்கும் நல்லாத்தான் பாடினவர். கடைசிப் பாட்டிலதான் தொடங்கியிருக்கவேணும்."

டொக்டர் எழுதப் போனார். இன்னொருமுறை மௌனமாக இருந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை, நினைத்தேன்.

"இல்லை" என்றேன். "ரெண்டாவது பாட்டிலயே குரல் மாறிப்போச்சு. நான்தான் மைக்கை மூடினனான்."

"இதுக்கு முதல் ஏதாவது?" என்று டொக்டர் கேட்டார்.

"ஏப்ரலில இருந்து. இடது கை."

டொக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மெர்ல் என் பக்கம் திரும்பினார். அவருடைய உடுப்பில் குழம்பு தெறித்திருந்தது.

"அப்ப உனக்குக் கேட்டது" என்றார்.

"ஓம்."

"எனக்கு அவற்ர குரலில ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் போதும். ஒரு சொல்லு. அதை எனக்குக் கேக்காமல் பண்ணினது நீ."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அன்றிலிருந்து என்னைக் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

ஏப்ரலிலேயே வந்திருந்தால் குளிசை மருந்தோடு நின்றிருக்கலாம் என்று பின்னால் டொக்டர்கள் சொன்னார்கள். கப்டன் சாகவில்லை. இடது பக்கம் முழுவதும் விழுந்தது, பேச்சு விளங்காதபடி குழறிப்போனது. மெர்ல் பகல் முழுக்க இல்லத்தில் மற்றவர்களைக் கழுவினார், பின்னேரம் வீட்டுக்கு வந்து அவரைக் கழுவினார். எதற்குப் பயந்து அந்த மனிதர் எல்லாவற்றையும் ஒளித்தாரோ, அதுவே இரண்டு வருடம் அந்த வீட்டில் நடந்தது.

நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்கக் காரணங்கள் நிறையக் கிடைத்தன, என்றாலும் போனேன். அவர் என்னைப் பார்த்தார். பாதி முகம் சிரித்தது. வலது கை போர்வைக்கு வெளியே வந்து இரண்டு விரல்களைக் கீழ்நோக்கிக் காட்டியது. பகிடிக்குக் காட்டினாரா, குற்றம் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கதிரையில் இருந்து அழுதேன். மெர்ல் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார், வரவில்லை.

பிள்ளைகளே, உங்கள் மிக்சர் என்னுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. விலகிய சுருதியை அதுவே பிடித்து இழுத்து நேராக்கிவிடும் என்று கேள்விப்படுகிறேன். நல்லது. அரங்கேற்றப் பிள்ளைக்குச் செய்யுங்கள், அதில் ஒருவரும் சாகப்போவதில்லை. ஆனால் ஒரே ஆளின் ஒரே பிழையை இரண்டாவது முறை மறைக்கக் கை போகும்போது, மிக்சரை விட்டு எழும்பி அந்த ஆளிடம் போங்கள். அவர் மறைக்கச் சொன்னாலும் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். கோள்காரன் என்று பெயர் எடுங்கள். மேடையில் இருப்பவனுக்குத் தன் சத்தம் முழுதாகக் கேட்காது. சபைக்கு நீங்கள் கொடுப்பதுதான் கேட்கும். உள்ளது உள்ளபடி கேட்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அந்த ஹெட்போனை மாட்டினால் அந்தப் பாரமும் சேர்ந்துதான் வரும்.

கப்டன் இறந்தபோது மெர்ல் முதலாளிக்கு ரெலிபோன் எடுத்தார். இறுதிச்சடங்குக்கு சவுண்ட் வேண்டும், சிறீதான் வரவேண்டும் என்று சொன்னார். அவர் வாசித்த எல்லாக் குழுக்களும் வந்திருந்தன. அப்போதுதான் அவர்கள் முதல்முறையாக ஒரே மேடையில் நின்றார்கள். பான்காரருக்கு அவர் பேஸ் வாசித்தது தெரியாது. தேவாலயத்தாருக்கு அவர் தாஸா அடித்தது தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொடங்க முதல் மெர்ல் என் மேசைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இண்டைக்கு ஒண்டையும் மூடாத" என்றார்.

எல்லா ஃபேடர்களையும் மேலே தள்ளினேன். பான் வாசித்த பையன் நடுவில் அழுது சுரத்தைத் தவறவிட்டான். குவாற்றோவின் ஒரு தந்தி இறங்கியிருந்தது. பாடியவரின் குரல் உடைந்தது, யாரோ மைக்குக்குள்ளேயே இருமினார்கள், தாஸாவின் தாளம் ஒரு இடத்தில் முட்டுப்பட்டது. என் விரல் இரண்டு முறை தானாக ஃபேடருக்குப் போனது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எல்லாப் பிழையும் எல்லாருக்கும் கேட்டது.

முடிந்து போகும்போது மெர்ல் என் மேசையருகே நின்றார். வரிசையாக மேலே நின்ற ஃபேடர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனார்.